ஒரே ஏரியில் மூன்று குரல்

வாத்து மேய்க்க ஆள் கிடைக்காமல் போன வருஷம் அது. கும்மிடிப்பூண்டியில் புதுப்புதுக் கம்பெனிகள் வந்ததும், கம்பும் கையுமாக வயலில் நடந்தவர்கள் எல்லாம் கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விட்டார்கள். பழவேற்காட்டு ஜெய்னம்பு ஆடி மாதத்தில் எண்ணூறு வாத்துக் குஞ்சுகளை வாங்கி இறக்கியிருந்தாள். அவற்றை ஓட்டத்தான் ஆளில்லை.

அவள் கணவர் அசன் முகைதீன் கடைத்தெருவில் முட்டை வியாபாரம் செய்பவர். முட்டையை வாங்கி விற்பதைவிட வாத்தையே வளர்த்தால் என்ன என்று கேட்டவள் ஜெய்னம்புதான். பொம்பளை வயல்வயலாக அலைவதா என்று சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். அவள் பாட்டுக்கு அலைந்தாள். முக்காட்டின் மேல் ஒரு துணித்தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு ஆறு வருஷமாக அலைகிறாள். அறுத்த வயலில் சிந்திய நெல்லையும் நத்தையையும் வாத்துகள் தின்னும். ராத்திரி வலைகட்டிய பட்டிக்குள் அடையும். விடிவதற்குள் முட்டையிட்டுவிடும். ஓர் ஊர் முடிந்தால் அடுத்த ஊருக்கு நடை. வீட்டில் நாலு பேர் வந்தால் அடுக்களைக்குள் ஒதுங்கிக்கொள்பவள், வரப்பில் நின்று வயல்காரரோடு பேசினால் இடம் பிடிக்காமல் திரும்பமாட்டாள்.

பொன்னேரி பஸ்ஸில்தான் சந்திரகலா அறிமுகமானார். காவலில் இருந்து வெளியே வரும் பையன்களைக் கண்காணிக்கும் அதிகாரி. அவரிடம் மூன்று பையன்கள் இருந்தார்கள், வைக்க இடமில்லை. ஜெய்னம்புவிடம் வேலை இருந்தது, செய்ய ஆளில்லை. பஸ் மீஞ்சூரைத் தாண்டுவதற்குள் பேச்சு முடிந்துவிட்டது.

"ஒண்ணு மட்டும் சொல்லிடறேன்" என்றார் சந்திரகலா. "இவங்க மேல ஒரு புகார் வந்தாக்கூட திரும்ப உள்ளதான். அப்புறம் நான் நெனச்சாலும் எடுக்க முடியாது."

"வராது மேடம்" என்றாள் ஜெய்னம்பு. எதை வைத்துச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

மூன்று பேருக்கும் பதினாறு, பதினேழு வயது. காக்களூர் தொழிற்பேட்டையில் சுவர் ஏறிக் குதித்துச் செம்புக் கம்பி திருடியவர்கள். கும்மிடிப்பூண்டி சாலமோன் தொண்டை பெரியவன், எதற்கும் முதல் ஆளாக நிற்பான். இஜாஸ் பழவேற்காட்டுப் பையன், படகுக்காரர் மகன். மூன்றாவது நாராயண், திருவள்ளூர் கோயில் மடைப்பள்ளியில் வேலை செய்யும் வைணவக் குடும்பத்துப் பிள்ளை. முட்டை சாப்பிடமாட்டான். ஆனால் இருட்டில் ஒரு முட்டைகூட உடையாமல் பொறுக்குவதில் அவனுக்கு ஈடில்லை. இஜாஸ் அவளை லாத்தா என்று கூப்பிட்டான். அவர்கள் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். மற்ற இருவரும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

வாத்து ஓட்டுவது ஒருவர் வேலையில்லை. முன்னால் ஒருவர், இரண்டு பக்கமும் ஆள், பின்னால் ஒருவர். ஒருவன் ஓடினால் வாத்துகள் சிதறும். ஒருவன் நின்றால் முட்டிமோதும். முதல் மாதம் மூவரும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே நடந்தார்கள். பிறகு கால்கள் தாமாகவே ஒத்துப்போயின. திட்டு மட்டும் நிற்கவில்லை.

"எல்லாரும் ஒரே மாதிரிதான் கூப்புடணும். தோ தோ தோன்னு. வேற எதுவும் வாணாம்" என்று ஜெய்னம்பு முதல் நாளே சொல்லியிருந்தாள். தலையாட்டினார்கள். அவள் வயல் பிடிக்கப் போகும் நேரங்களில் என்ன நடந்தது என்பது தை மாதம் வரை அவளுக்குத் தெரியாது.

அறுவடை நேரம். கவரைப்பேட்டையைத் தாண்டி ஓர் ஏரிக்குப் பக்கத்து வயலில் மேய்ச்சல். அவள் அடுத்த வயலுக்குப் பேசிவிட்டுத் திரும்பியபோது வயலில் ஒரு வாத்துகூட இல்லை. கரைமேல் மூவரும் பேயறைந்த மாதிரி நின்றார்கள். ஏரி முழுக்க வாத்து. அவளுடையதோடு இன்னொரு கும்பலும் கலந்து கிடந்தது. அக்கரையில் நின்று ஊத்துக்கோட்டை பச்சையப்பன் கையை வீசிக் கத்திக்கொண்டிருந்தான். அவனும் வாத்துக்காரன்தான், இருபது வருஷத்து ஆள்.

"இன்னாடா ஆச்சு?"

சாலமோன் நாராயணைக் கைகாட்டினான், நாராயண் சாலமோனை. கடைசியில் இஜாஸ்தான் சொன்னான். "பந்தயம் லாத்தா. யார் கூப்ட்டா நெறைய வாத்து வருதுன்னு."

அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது. மூவரும் அவளுக்குத் தெரியாமல், கையில் நத்தையை வைத்துக்கொண்டு, குஞ்சிலிருந்தே வாத்துகளை ஆளுக்கொரு பங்காக, ஆளுக்கொரு குரலுக்குப் பழக்கியிருந்தார்கள். சாலமோனுக்குக் கம்பெனிச் சங்கு மாதிரி 'ஊ' என்று நீண்ட கூப்பாடு. இஜாஸுக்குப் படகில் வலை இழுக்கும்போது போடும் சத்தம். நாராயண் தன் அப்பா காலையில் பெருமாள் முன் பாடும் ராகத்தை, வார்த்தையில்லாமல், மூக்கால் முனகுவான். பந்தயத்தில் மூன்று பேரும் மூன்று மூலையில் நின்று கூப்பிட, கும்பல் மூன்றாகக் கிழிந்து, மிரண்ட ஒரு பங்கு கரையேறி ஏரிக்குள் பாய, மற்றவையும் பின்னாலேயே போய்விட்டன.

"வாத்துக்குப் பூஜ பண்ணி வச்சிக்கிறான் ஐயரு" என்றான் சாலமோன், அந்த நேரத்திலும்.

"ஐயர் இல்லடா, ஐயங்கார்."

"அது வாத்துக்குத் தெரியுமா?"

"வாய மூடுங்கடா!" என்றாள் ஜெய்னம்பு.

பச்சையப்பன் கரையைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தான். "இந்தா பாயம்மா, இவனுங்க யாருன்னு எனக்குத் தெரியும். கம்பி திருடினவனுங்க இப்ப வாத்து திருட வந்துக்கிறானுங்க. வேணும்னே என் கும்பலுக்குள்ள ஓட்டி உட்டானுங்க."

"இல்லண்ணே. தெரியாம ஆயிடுச்சி. முறைப்படி பிரிச்சிக்கலாம்."

வாத்துக்காரர்களுக்குள் அதற்கு ஒரு முறை உண்டு. தண்ணீரில் கலந்த வாத்தைக் கையால் பிடித்துப் பிரித்தால் மிரண்டு முட்டையிடுவதை நிறுத்திவிடும். அதனால் ஆளுக்கொரு கரையில், கம்பைக் கீழே போட்டுவிட்டு, குரலால் மட்டும் கூப்பிடவேண்டும். வளர்த்தவர் குரலுக்கு வாத்து வரும். தப்பி வந்த ஒன்றிரண்டைக் கால் ஜவ்வில் அவரவர் அடையாளமாகப் போட்ட வெட்டைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம்.

"சரி, பிரிக்கலாம்" என்றான் பச்சையப்பன். "இவனுங்க மேய்ச்ச வாத்துன்னா குரலுக்கு வரணும். வரலன்னா வேணும்னே கம்பு வச்சி ஓட்டினதுன்னு அர்த்தம். நேரா ஸ்டேஷனுக்குத்தான் போவேன். பொழுது எறங்கறதுக்குள்ள முடி."

அவன் அக்கரைக்குப் போய்க் கூப்பிட ஆரம்பித்தான். அவனுடைய வாத்துகள் ஒரு கோடு பிடித்த மாதிரி அவன் பக்கம் திரும்பின.

ஜெய்னம்பு தண்ணீர் ஓரம் போய் நின்று, "தோ தோ தோ" என்றாள். சில தலைகள் நிமிர்ந்தன, அவ்வளவுதான். வாங்கியவள் அவள், வளர்த்தவர்கள் இவர்கள். இனிமேல் அவள் கையில் எதுவும் இல்லை.

மூவரும் பாய்ந்து வந்து ஒரே நேரத்தில் கூப்பிட்டார்கள். சங்கும் படகும் கோயிலும் ஒன்றாகக் கலந்து ஏரி அதிர்ந்தது. வாத்துகள் நடுவிலேயே வட்டமடித்தன. ஒன்றிரண்டு பச்சையப்பன் பக்கம் நகரத் தொடங்கின.

"நிறுத்துங்க!" ஜெய்னம்பு இவ்வளவு சத்தமாகப் பேசி அவர்கள் கேட்டதில்லை. "ஒருத்தன் கூப்புடறப்ப மத்த ரெண்டு பேரும் மூச்சு உடக்கூடாது. மொதல்ல நாராயண்."

"இவன் கொரலு எங்க லாத்தா கேக்கும்? நான் மொதல்ல கூப்புடறேன்" என்றான் சாலமோன்.

"நீ கத்தினா மத்தவன் வாத்து மெரளும். கடசியிலதான் நீ. துண்டக் கடிச்சிக்கோ."

சாலமோன் துண்டை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்தான். கத்தாமல் இருப்பது அவனுக்கு எவ்வளவு பெரிய வேலை என்பது அவன் கழுத்து நரம்பில் தெரிந்தது.

நாராயண் முழங்கால் தண்ணீரில் இறங்கினான். கண்ணை மூடிக்கொண்டான். முனகல் மெல்லத் தண்ணீர் மேல் பரவியது. கும்பலுக்குள்ளிருந்து ஒரு வாத்து விலகியது, அதன் பின்னால் பத்து, பிறகு ஒரு திட்டு முழுக்க. அவன் காலைச் சுற்றி வந்து நின்றதும் சாலமோன் துண்டுக்குள் ஏதோ உறுமினான். பாராட்டுத்தான்.

அடுத்தது இஜாஸ். அவன் குரலுக்கு வாத்துகள் படகு மாதிரி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தன. மீதி சாலமோனுடைய பங்கு. வெயில் பனைகளுக்குக் கீழே இறங்கியிருந்தது. அவன் தண்ணீரில் இறங்கி, துண்டை எடுத்து மூச்சை இழுத்த நேரம், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைப் பக்கம் ஷிப்டு முடிந்த நிஜச் சங்கு ஊதியது. அவனுடைய வாத்துகள் மொத்தமாகத் தலையைத் தூக்கி, கம்பெனியைப் பார்த்து நீந்தத் தொடங்கின.

"ஐயோ, வேலைக்குப் போவுதுங்க!" என்றான் இஜாஸ்.

நாராயண் அவன் வாயைப் பொத்தினான். சாலமோன் திரும்பி ஜெய்னம்புவைப் பார்த்தான். எப்போதும் முன்னால் நிற்கிறவன் முகத்தில் அவள் அன்றுதான் பயத்தைப் பார்த்தாள்.

"அது ஓயட்டும்" என்றாள். "கம்பெனிக்கு மூச்சு முடிஞ்சிடும். உனக்கு முடியாது."

சங்கு ஓய்ந்தது. சாலமோன் அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டான். நிறுத்தாமல், முகம் சிவக்க, ஒரே மூச்சில். முன்னால் போன வாத்து நின்றது. திரும்பியது. பிறகு எல்லாமே அவனை நோக்கி இறக்கையடித்துக்கொண்டு வந்தன. வந்த வேகத்தில் அவன் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டான்.

பட்டியில் கால் ஜவ்வைப் பார்த்தபோது பச்சையப்பனுடைய வெட்டு போட்ட வாத்துகள் சிலவும் இருந்தன, எல்லாம் சாலமோன் கூப்பாட்டுக்கு வந்தவை. அவனே அவற்றை இரண்டு கூடைகளில் போட்டு, கரையைச் சுற்றி எடுத்துப்போய்க் கொடுத்தான்.

பச்சையப்பன் கூடைகளைப் பார்த்தான், பையனைப் பார்த்தான். ஸ்டேஷன் பேச்சே எடுக்கவில்லை. சாலமோனோடு இந்தக் கரைக்கே வந்தான்.

"பாயம்மா, அடுத்த வருசம் இவன என்கிட்ட அனுப்பு. என் வாத்தே இவன் பின்னால போவுது."

"மூணு பேரையும் சேத்துக் கூப்புடு அண்ணே" என்றாள் ஜெய்னம்பு. "தனித்தனியா தரமாட்டேன்."

சந்திரகலாவுக்கு எந்தப் புகாரும் போகவில்லை. அடுத்த வாரம் அவரே பட்டிக்கு வந்தபோது, நாராயண் ஏரிக் கதையை ஒன்று விடாமல் சொல்லிவிட்டான். சொல்லவேண்டாம் என்று சாலமோன் பின்னால் நின்று காட்டிய ஜாடையை அவன் கவனிக்கவே இல்லை. சந்திரகலா சிரித்து முடிக்க நேரமாயிற்று.

ஒரே குரலுக்குப் பழக்கலாம் என்று ஜெய்னம்பு மறுபடி சொல்லிப்பார்க்கவில்லை. சந்திரகலா வந்துபோன அன்று சாயங்காலம் நெடுஞ்சாலையைக் கடந்தார்கள். முதலில் நாராயண் மட்டும் அந்தப் பக்கம் போய்க் கூப்பிட்டான், அவன் பங்கு கடந்தது. பிறகு இஜாஸ். இரண்டு பக்கமும் லாரிகள் ஹாரன் அடித்தன.

"இன்னாமா, இன்னும் கீதா?" என்று ஒரு டிரைவர் எட்டிப்பார்த்துக் கத்தினார்.

"இன்னும் ஒரு கும்பல் கீதுண்ணே" என்றாள் ஜெய்னம்பு. கம்பைக் குறுக்கே நீட்டியபடி நடுரோட்டில் நின்றாள். "அவன் கூப்புடறப்ப மட்டும் ஹாரன் அடிக்காத. கொழம்பிடும்."

டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுத்தார். அந்தப் பக்கத்தில் சாலமோன் மூச்சை இழுத்தான்.