யாருக்கும் வேண்டாத குச்சி

அப்பா ஷெட்டைக் கொடுத்தபோது போட்ட நிபந்தனை ஒன்றுதான். "ஒரு வாட்டி காளான் எடுத்துக் காட்டு. இல்லன்னா தடுத்து ரூம் போட்டு கம்பெனி பசங்களுக்கு வாடகைக்கு விட்டுடுவேன்." ஓசூரைச் சுற்றி எல்லோரும் செய்வது அதுதான். போச்சம்பள்ளியில் பார்த்த தர ஆய்வு வேலையை விட்டுவிட்டு வந்திருந்த எனக்கு வேறு இடமில்லை.

நான் வளர்க்க நினைத்தது ரெய்ஷி. சிவந்து, மரக்கட்டை போல இறுகும் காளான். சமைப்பதற்கில்லை, பொடித்து மருந்துக்குச் சேர்க்கிறார்கள். விவசாயக் கழிவில் வளரும் என்பதால் நோட்டில் கழிவுகளைப் பட்டியல் போட்டேன். முதலில் கேழ்வரகுத் தாள்.

"அது கழிவா? அப்ப மாடு என்னா திங்கும், உன் நோட்டையா?" என்றாள் அம்மா.

அந்த வரியை அடித்தேன். அடுத்தது மாங்கொட்டை. பாய்லரில் எரிக்கவே போதவில்லை என்றார்கள் மாங்கூழ் ஆலையில். அதையும் அடித்தேன். மிஞ்சியது ரோஜாக் குச்சி. பசுமைக்குடில்களில் கவாத்து செய்து வெளியே குவித்திருந்தார்கள்.

"எத்தன லோடு வேணும் மேடம்? தொல்ல ஒழிஞ்சா சரி," என்றார் அங்கிருந்த சூப்பர்வைசர்.

"அத மாடுகூட மோந்து பாக்காது கண்ணு," என்றாள் அம்மா. போட்டிக்கு ஆளில்லை என்று சந்தோஷப்பட்டேன்.

நறுக்கி, ஊறவைத்து, பைகளில் அடைத்து, ஆவியில் வேகவைத்து, காளான் விதை இட்டேன். ஈரம், சூடு, வேகவைத்த நேரம், எல்லாம் நோட்டில் இருந்தன. மூன்று வாரமாகியும் ஒரு பையிலும் வெள்ளை இழை ஓடவில்லை. பச்சைப் பூசணம்கூடப் பிடிக்கவில்லை. கெட்டுப்போகவாவது வேண்டாமா?

மறுபடி பசுமைக்குடிலுக்குப் போனேன். "செடிக்கு மருந்து அடிப்பீங்களா?"

"பின்ன? வாரத்துக்கு ரெண்டு வாட்டி. எங்க குச்சில ஒரு பூஞ்ச ஒட்டாது மேடம். கேரண்டி!"

அவர் முகத்தில் அத்தனை பெருமை. காளானும் பூஞ்சைதான் என்று அவரிடம் சொல்லவில்லை. அவருக்கு அது தெரிய வேண்டியதில்லை. அதைப் படித்தவள் நான். எல்லாவற்றையும் அளந்தவள், இந்த ஒன்றை மட்டும் கேட்கவில்லை.

சனிக்கிழமை அப்பா கொத்தனாரோடு வந்தார். திட்டவில்லை, திட்டியிருந்தால் பதில் பேசியிருப்பேன்.

"நாலு ரூம் வரும்," என்றார் கொத்தனார்.

"மூணு போடுங்கப்பா. ஒரு மூல எனக்கு," என்றேன்.

"சரி, எதுல வளப்ப? மறுபடி அந்தக் குச்சிலயா?" என்றார் அப்பா.

நோட்டைப் புரட்டினேன். ரோஜாக் குச்சியையும் அடித்தாயிற்று, அடிக்காத வரி ஒன்றுகூட இல்லை. கொத்தனார் அளவு டேப்பின் மறுமுனையை என்னிடம் நீட்டிக்கொண்டு நின்றார். வாங்கிச் சுவரோடு வைத்துப் பிடித்தேன்.