ரேடியோ அக்கா குறைத்துச் சொன்ன நேரம்

கார் உதிரிபாகம் செய்யும் அந்தக் கொரியக் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளருக்கு ரேடியோ அக்கா என்று பெயர். யார் பேசினாலும் அவர் குரலாகவே மாறி ‘நான்’ என்றுதான் சொல்வாள். அந்தத் தொழிலின் முறை அது. மேனேஜர் காய்ச்சினால் அவளும் வரிக்கு வரி காய்ச்சுவாள். வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் கேன்டீனில் பிடித்துக்கொள்வார்கள்.

“ஏக்கா, கொஞ்சம் தண்ணி கலந்து சொல்லக் கூடாதா?”

கலக்கமாட்டாள். கூட்டாமல் குறைக்காமல் சொல்வதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு.

ஷிஃப்ட் முடிந்ததும் தொழிலாளிகளுக்குக் கொரிய வகுப்பு எடுப்பாள். ஒரு காரியம் எவ்வளவு நேரம் நடந்தது என்று சொல்லும் பாடம் வந்தால் பாதிப் பேருக்குக் கொட்டாவி வந்துவிடும்.

“ஒண்ணு நடக்கிறப்போ இன்னொண்ணு நடந்தா ‘தோங்கான்’. ஆரம்பத்துலேர்ந்து கடைசிவரைக்கும் விடாம நடந்தா ‘நேனே’. குழப்பிக்காதீங்க.”

பிரஸ் மெஷின் ஓட்டுகிறவன் மட்டும் விழுந்து விழுந்து படித்தான். வினைச்சொல் முடிவுகளைத்தான் எப்போதும் கோட்டைவிடுவான். உதாரணம் கேட்டால் முதல் ஆளாக எழுந்துவிடுவான்: “மனைவி திட்டுற தோங்கான் நான் சாப்பிடுறேன். மனைவி நேனே திட்டுறாங்க.” வகுப்பு வயிறு குலுங்கச் சிரிக்கும்.

அந்த மெஷின்தான் அவனை அமுக்கிவிட்டது. அப்போது பக்கத்தில் இருந்தவர் கொரிய ஃபோர்மேன் ஒருவர்தான்.

காரியமெல்லாம் முடிந்தபின் அவன் மனைவி தன் அண்ணனோடு கம்பெனிக்கு வந்தாள். கண்ணாடித் தடுப்பு போட்ட சின்ன அறை. ஏசி தேவைக்கு மேல் குளிர்ந்தது. எதிரே ஃபோர்மேன் முழங்காலில் கைகளை வைத்து, தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார். நடுவில் ரேடியோ அக்கா.

“அன்னிக்குக் காலையில எங்களுக்குள்ள சண்டைக்கா. என்கிட்ட பேசாமலே கிளம்பிட்டாரு. சாப்பாட்டைக்கூட எடுத்துக்கல,” என்றாள் அந்தப் பெண். “எனக்கு வேற எதுவும் வேணாம். ரொம்ப நேரம் வலியில கிடந்தாரா? அதை மட்டும் கேட்டுச் சொல்லுங்க.”

அக்கா கேட்டாள். ஃபோர்மேன் மெல்லப் பேசினார். இரும்பை அறுக்க ஆட்கள் வரும்வரை அவனுக்கு நினைவு தப்பவில்லை. வலி நேனே இருந்தது. அவன் கையை நேனே பிடித்துக்கொண்டிருந்தேன் என்றார். பாடத்தில் அவள் ஓயாமல் சொல்லிக்கொடுத்த சொல்தான். எதிரே அந்தப் பெண்ணின் கண்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. இதை எப்படி இவளிடம் சொல்வது?

“நான் ஓடிவர்றதுக்குள்ளயே எல்லாம் முடிஞ்சுபோச்சும்மா,” என்றாள் ரேடியோ அக்கா. “அவருக்கு வலியே தெரிஞ்சிருக்காது.”

வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவள் மாற்றிச் சொன்னது அன்றுதான். அந்தப் பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழட்டும், பாரம் இறங்கட்டும் என்று அக்காவுக்குக் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது.

ஃபோர்மேன் இன்னும் முடிக்கவில்லை. தலை நிமிராமலே அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி, அவன் கடைசியாகப் பேசியதை அவன் சொன்ன கொரிய மொழியிலேயே, தப்பும் தவறுமாக, அப்படியே சொன்னார். மனைவிமேல் கோபம் இல்லை. சண்டையில் தப்பு என்னுடையது. அவளிடம் சொல்லுங்கள்.

வினைச்சொல் முடிவுகள் எல்லாம் பிசகியிருந்தன.

“என்னக்கா சொல்றாரு?”

இப்போது இதைச் சொன்னால் அவன் எவ்வளவு நேரம் கிடந்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

“ரொம்ப நல்ல மனுஷன்னு சொல்றாரு.”

“அது எனக்குத் தெரியாதாக்கா?” அந்தப் பெண் எழுந்து புடவையைச் சரிசெய்தாள். “ஒரு வார்த்தை பேச நேரம் கிடைச்சிருந்தா, கோபம் இல்லைன்னு சொல்லிட்டுத்தான் போயிருப்பாரு. அந்த நேரம்கூட எனக்குக் கிடைக்கலையே.”

அண்ணன் அவள் தோளைப் பிடித்து வெளியே கூட்டிப்போனான்.

கதவு சாத்தியதும் ஃபோர்மேன் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். தான் சொன்னதையெல்லாம் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டார்.

“சொல்லிவிட்டேன்,” என்றாள் அவள், சுத்தமான கொரிய மொழியில். அவர் எழுந்து, இடுப்பு வளையக் குனிந்து அவளுக்கு நன்றி சொன்னார்.