சாம்பலில் ஒரு துளி நீலம்

உயிரோடிருப்பார் என்று மனைவி காத்திருந்த ஒரு மனிதரை நான் சாம்பலாக்கினேன்! ஓர் இணையத்தளத்தின் அழகுக்காக...

போர் முடிந்த மறுவருடம். காணாமற்போனோருக்காக நாங்கள் சிலர் அதை அமைத்துக்கொண்டிருந்தோம். மழைக்காலைப் பொழுதொன்றில் பனிச்சங்கேணிப் பாலத்தில் பஸ் நின்றபோதுதான் அந்த எண்ணம் வந்தது. வாவியும் சாம்பல், வானமும் சாம்பல்... ஆனால் ஒன்றல்லவே! தண்ணீரில் நீலம், மேகத்தில் சற்றே செம்மை. வெறும் சாம்பல் செத்த நிறம். துளி நீலம் விட்டால் மூச்சுவிடுகிறது! பின்னணிக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று, கோட்டுக்கு ஒன்று என்று அன்றே ஏழு சாம்பல்களைத் தெரிவுசெய்தேன். எத்தனை கர்வம் எனக்கு!

பனிச்சங்கேணி ரஜனி அக்கா தன் கணவரின் படத்தைக் கொண்டுவந்தார். கிரானில் அக்காவின் தம்பி வீட்டில் கிடந்ததால் சுனாமிக்குத் தப்பிய ஒரே படம். சிவப்புச் சட்டை.

"கலரிலதான் போடணும் தம்பி. கறுப்பு வெள்ளையெண்டா செத்த ஆளெண்டு நினைப்பாங்க."

"ஓம் அக்கா."

சொன்னேன்... ஸ்கேன் செய்து படத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பிறகு, அந்தச் சிவப்பு என் பக்கத்தைக் குலைக்கிறதென்று சாம்பலாக்கினேன். நீலம் கலந்ததுதானே, கறுப்பு வெள்ளை இல்லையே! இப்படித்தான் என்னையே ஏமாற்றினேன். அதன்மேலேயே சேமித்ததால் மூலக் கோப்பும் அழிந்தது.

பத்து நாளில், வாழைச்சேனையில் நாங்கள் வேலைசெய்த கணினிக் கடைக்கு அக்கா ஓடிவந்தார்.

"கனடாவில மச்சாள் படத்தப் பாத்திட்டு போனில அழுறாள் மனே. பொட்ட அழிச்சிட்டியா எண்டு கேக்காள்!" திரையைப் பார்த்தார். "இது என்ன கலர்?"

"சாம்ப..."

நூறு தடவை பெருமையோடு உச்சரித்த சொல். அன்றுதான் என் காதில் விழுந்தது.

"மெசின் பழுதக்கா. நிறத்தக் குடிச்சிட்டுது."

"அப்ப நீ செய்யல்ல?"

"இல்லக்கா."

"நீயும் அவரக் கைவிட்டிட்டாயோ எண்டு பயந்துபோனன். ஆனா மனே, இனி இந்த மெசினுக்கு அவரக் குடுக்கமாட்டன்."

நம்பினார்! கோபித்திருக்கக் கூடாதா?

அன்றே படத்தை நீக்கினேன். இரண்டு வருடமாக அவர் பெயருக்கு மேல் வெற்றுக் கட்டம். எங்கோ ஒரு தடுப்பு முகாமில் அவரைக் கண்ட ஒருவர் அந்தப் பக்கத்தைப் பார்த்திருந்தால்? எதைக் கொண்டு அடையாளம் காண்பார்? நீங்களே சொல்லுங்கள்... வேண்டாம், சொல்லாதீர்கள்.

நாளை பனிச்சங்கேணிக்குப் போகிறேன். மெசின் ஒன்றும் செய்யவில்லை, செய்தது நான்தான் என்று சொல்லிவிட்டு, அந்தப் படத்தை இன்னொரு தடவை கேட்கப்போகிறேன். தரமாட்டார் என்றே நினைக்கிறேன்...