உளுந்து அறுப்புக்குக் காத்திருந்த சுவிட்ச்

நெட்வொர்க் வேலை பார்ப்பவன், எல்லாம் ஓடும்போது சும்மா இருப்பவன். ஏதாவது நின்றால் எல்லாவற்றுக்கும் காரணமானவன். "ஏ.சி. ரூமில் உட்கார்ந்து அப்படி என்னதான் செய்கிறாய்?" என்று வீட்டிலும் ஆபீஸிலும் கேட்கப்பட்ட சகோதரர்களே, இது உங்களுக்காக.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருஷங்களில் கோவில்பட்டிக்கு வெளியே ஒரு நூற்பாலையில் இருந்தேன். கம்ப்யூட்டர் பிரிவு என்றால் நான் ஒருத்தன்தான். மில்லின் அத்தனை கம்ப்யூட்டர்களின் வயர்களும் சுவிட்ச் என்கிற ஒரே ஒரு பெரிய நெட்வொர்க் பெட்டியில் வந்து சேர்ந்தன. ஒருநாள் அது மண்டையைப் போட்டது. எடை மேடையில் சீட்டு வராமல், நூல் ஏற்றிய லாரிகள் சாயங்காலம் வரை கேட்டில் நின்றன. மேனேஜர் கோபால்சாமி சத்தமே போடவில்லை. "இன்னொரு மட்டம் நின்னுச்சுன்னா, நீரு ஊரப் பாத்துக் கெளம்பிரலாம்" என்றார்.

பயந்துபோய் ஒரு திட்டம் போட்டேன். பழைய ஆபீஸ் சர்வர் ரூமில் ஒரு சுவிட்ச், புது யூனிட் சர்வர் ரூமில் ஒரு சுவிட்ச். இரண்டும் சேர்ந்தே ஓடும், ஒன்று படுத்தால் மற்றது தாங்கும். இரண்டு ரூமுக்கும் நடுவே தனித்தனி வழியில் இரண்டு கேபிள்.

ஸ்டெப்னி

புது சுவிட்ச் இரண்டு வந்தன என்றார்கள், என் கைக்கு வந்தது ஒன்று. இன்னொன்றை ஸ்டோர் கீப்பர் சண்முகையா அண்ணாச்சி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். மில்லில் எது இரண்டு வந்தாலும் ஒன்று ஓடும், ஒன்று பீரோவில் தூங்கும். அதுதான் அவர் காலங்காலமாகக் காப்பாற்றி வந்த ஒழுங்கு.

பேப்பரில் படம் போட்டு விளக்கினேன். பொறுமையாகப் பார்த்துவிட்டுப் படத்தைத் திருப்பிக் கொடுத்தார். கடைசியில் மேனேஜர் கையெழுத்தைக் காட்டித்தான் பீரோ திறந்தது. அப்போதும் மனசில்லாமல் சொன்னார்: "ஸ்டெப்னியையும் சேத்து அஞ்சு சக்கரத்தையும் தரையில உருட்டியா தம்பி கார் ஓட்டுதாக?"

ஒத்தக் குழி

கேபிள் பதிக்கப் புதூர்ப் பக்கமிருந்து ஆட்கள் வந்தார்கள். மேற்கே மதிலோரம் ஒரு குழி, கிழக்கே ஒரு குழி என்று கயிறு பிடித்துக் காட்டிவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் மேற்கே மட்டும் குழி. அதில் இரண்டு கேபிளும் ஒட்டிப் படுத்துக் கிடக்கின்றன.

கரிசல் மண் சித்திரையில் வாய் பிளக்கும்போது இரண்டையும் ஒரே இழுப்பில் இழுத்து அறுத்துவிடுமே என்று கத்தினேன். மேஸ்திரி மூக்கனுக்கு ஒரு கலக்கமும் இல்லை. "ஒத்தையில கெடந்தா அதுக்கும் பயமா இருக்கும்லா அண்ணாச்சி? ஒன்னுக்கொன்னு தொணையா கெடக்கட்டும்" என்றார்.

பூத்த செடி

ஒன்றைக் கிளப்பி எடுக்கச் சொல்லிவிட்டுக் கிழக்கே போனேன். மூக்கன் அங்கே தோண்டாததற்குக் காரணம் இடுப்பில் கைவைத்து நின்றது. இரண்டு கட்டடத்துக்கும் நடுவிலிருந்த மில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த பேச்சியம்மாள் அது. உளுந்து அப்போதுதான் பூ விட்டிருந்தது. "பூத்து நிக்க செடியில கடப்பாரையப் போடுவியளா? அறுத்துக்கிடுதேன், பொறவு தோண்டுங்க" என்றார். கயிற்றைச் சுருட்டிக்கொண்டு திரும்பினேன்.

ஆகவே சென்னை ஹெட் ஆபீஸுக்கு அனுப்பிய திட்ட அட்டவணையில் ஒரு வரி சேர்த்தேன்: 'உளுந்து அறுவடை – தை மாதம். அதன்பின் சுவிட்ச் மாற்றம்.' மறுநாளே அங்கிருந்து பெரிய அதிகாரி போன் செய்தார். "உளுந்தைக் கொஞ்சம் முன்கூட்டியே முடிக்கச் சொல்ல முடியுமா?"

மேனேஜர் கை

உளுந்தை அறுத்ததும் கிழக்கேயும் குழி தோண்டிக் கேபிளைப் பதித்து, மாசியில் எல்லாம் தயார். பட்டப்பகலில், எடை மேடையில் லாரி நிற்கும்போதுதான் சோதிப்பேன் என்று மேனேஜர் பிடிவாதம் பிடித்தார். பழைய ஆபீஸ் ரூமுக்கு வந்து, புது சுவிட்சைத் தன் கையாலேயே அணைத்தார். எனக்கு ஊருக்குப் போகும் பஸ் கண்முன்னால் வந்து போனது.

எடை மேடைக்கு போன் போட்டுக் கேட்டார். சீட்டு அடித்து லாரி போய்விட்டதாம். போனை வைத்துவிட்டு, ஏமாந்த முகத்தோடு என்னைப் பார்த்தார். "ஒன்னுமே நிக்கலையே. அப்ப இம்புட்டு நாளா நீரு என்னத்தவே மாத்துனீரு?"

சித்திரை

வெயில் ஏற ஏற நிலம் கால் நுழையும் அளவுக்கு வெடித்தது. ஒருநாள் காலை சர்வர் ரூமில் பார்க்கிறேன், மேற்குக் கேபிளின் விளக்கு செத்துக் கிடக்கிறது. மண் இழுத்த இழுப்பில் கேபிள் அறுந்து, அதற்குள் இரண்டு நாள் ஆகியிருந்தது. ஒரு லாரி நிற்கவில்லை, ஒரு சீட்டு தாமதமில்லை. உளுந்துக் காட்டு வழி வந்த கேபிள் ஒற்றை ஆளாக மொத்த மில்லையும் சுமந்துகொண்டிருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷப்பட்ட நாட்கள் கொஞ்சம்தான்.

மேனேஜர் ரூமுக்கு ஓடினேன். "சார், கேபிள் அறுந்துபோச்சு சார்!" என்றேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அறுந்ததுக்கு எதுக்குவே இப்பிடி இளிக்கீரு?"

அன்றிலிருந்து, எது அறுந்தாலும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போய்ச் சொல்வதுதான் நம் தொழிலுக்கு மரியாதை என்று கற்றுக்கொண்டேன்.