டிக்கியில் ஒரு தட்டு

எங்கள் பழைய காருக்கு என்னைவிட வயது அதிகம். செல்லூரில் நாங்கள் இருக்கும் சந்தில் அதைத் திருப்ப இடம் கிடையாது. வாசலிலிருந்து மெயின் ரோடு வரை ரிவர்ஸிலேயே போக வேண்டும். ஒரு பக்கம் சாக்கடை, மறுபக்கம் வீட்டுப் படிகள். அந்தக் காரின் பின்கண்ணாடி ஒரு நோட்டுப் புத்தக அகலம்தான். அதில் எனக்கு வானம் மட்டும் தெரியும்.

என் மனைவிதான் பின்னால் ஓரமாக நடந்து வழி காட்டுவாள். சந்தில் ஓடும் விசைத்தறிகளின் சத்தத்தில் குரல் எடுபடாது என்பதால் டிக்கியில் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் வரலாம். இரண்டு என்றால் நிறுத்த வேண்டும். பதினெட்டு வருடத்தில் ஒரு சக்கரம்கூடச் சாக்கடையில் இறங்கியதில்லை. நான் யாரிடமாவது ஓட்டுகிற பெருமையைப் பேசினால், "தட்டுனது யாரு?" என்பாள்.

போன வருடம் அந்தக் காரைத் திருமங்கலத்துக்காரர் ஒருவர் கல்யாணப் போட்டோ எடுக்க வாங்கிக்கொண்டார். நாங்கள் புது வண்டி வாங்கினோம். பொய் சொல்ல மாட்டேன், எனக்குப் புதுசுதான் பிடித்திருக்கிறது. பழையதில் வெயில் காலத்தில் காலுக்கடியில் அடுப்பு எரியும். ஸ்டியரிங்கைத் திருப்பியே தோள்பட்டை கழன்றுவிடும். இதில் ஏசி, ஒற்றை விரலில் திருப்பலாம், பின்னால் கேமரா வேறு.

முதல் நாள் வழக்கம்போல் அவள் பின்னால் போய்க் கையை ஓங்கினாள்.

"தட்டிராத, பெயிண்ட் போயிரும். கேமரா இருக்குல்ல, உள்ள வந்து உக்காரு" என்றேன்.

ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். பிறகு, "அப்ப எனக்கு இனிமே வேலை இல்ல" என்றாள். நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. அதன்பின் நான் வண்டியை எடுக்கும்போது வாசலுக்கு வருவதையே விட்டுவிட்டாள். அடுப்படியிலிருந்து "போயிட்டு வாங்க" என்று குரல் மட்டும் வரும். அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

ஆயுத பூஜைக்கு வண்டிக்கு அவள்தான் சந்தனம் குங்குமம் வைத்தாள். மறுநாள் ரிவர்ஸ் போட்டால் திரை முழுக்க மஞ்சள், நடுவில் சிவப்பு. சரியாகக் கேமரா மேலேயே பொட்டு. கர்ச்சீப்பை எடுத்தேன். சாமிக்கு வைத்ததைத் துடைக்கக் கூடாது என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லி அதைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

"இந்தா, கொஞ்சம் வெளிய வாரியா? பின்னாடி ஒண்ணும் தெரியல."

"ஏன், கேமராவுக்கு என்ன?"

"அதுக்கும் பொட்டு வச்சுட்ட."

முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தாள். "தட்டலாமா?"

"தட்டு."

தேவைக்கு மேலேயே பலமாகத் தட்டினாள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

நாலைந்து நாளில் சந்தனம் காய்ந்து உதிர்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலை நானே பூஜை அறையிலிருந்து கொஞ்சம் குழைத்து எடுத்துப் போய், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, கேமராவில் பூசினேன்.

அவள் வாசற்படியில் நின்றிருந்தாள்.

"கீழ தள்ளி வச்சுட்டீங்க. பாதி தெரியும்" என்றாள்.