ராகு காலத்தில் விட்ட மீன்

என் நாத்தனாரை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

பத்தாவது பரீட்சை முடிந்த விடுமுறையில் என் மகள் கடல்மீன் தொட்டி வைத்தாள். உப்புக் கரைத்த தண்ணீரை நிரப்பி, பம்பை ஓடவிட்டு, மீன் இல்லாமல் காத்திருந்தாள். கழிவைத் தின்று தண்ணீரைச் சுத்தம் செய்யும் நுண்ணுயிர்கள் முதலில் பெருக வேண்டும். அதற்குமுன் மீனை விட்டால் அதன் கழிவே அதற்கு விஷம். இதையெல்லாம் அவளாகவே படித்து வைத்திருந்தாள்.

நாத்தனார் படிக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் புதுச்சேரியிலிருந்து பை நிறைய மீன்களோடு வந்து இறங்கினார்.

"வெறுந்தொட்டி வூட்டுல இருக்கக் கூடாது. ராகு காலம் வர்றதுக்குள்ள வுடு பாப்பா."

"வேணாம் அத்தை, தண்ணி இன்னும் ஆகல."

"தண்ணி என்னடி ஆவணும்? சோறா வேகுது?"

அவள் கையில் பையைத் திணித்து, மணிக்கட்டைப் பிடித்துச் சாய்த்தார். அந்த வாரம் முடியும்முன் எல்லா மீனும் மிதந்தன. 'அவ கைராசி அப்படி' என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னதும் அவர்தான்.

ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு வளைகாப்பில் என் மகள் குங்குமத் தட்டை எடுத்தபோது, "நீ உக்காரும்மா, வேற யாராவது எடுக்கட்டும்" என்று ஒரு பெரியம்மா வாங்கிக்கொண்டார். அவள் அழவில்லை. கையைத் துப்பட்டாவுக்குள் சுருட்டிக்கொண்டாள். அதன்பின் செடிக்குத் தண்ணீர் ஊற்றக்கூட என்னைக் கூப்பிட்டாள்.

தொட்டியை நான் கழுவி மறுபடி நிரப்பினேன். நான் கணக்கு வேலை பார்க்கும் செராமிக் கம்பெனியிலிருந்து, மெருகு பூசாமல் ஒருமுறை மட்டும் சுட்ட உடைந்த துண்டுகளைக் கொண்டுவந்து அடுக்கினேன். அவற்றின் நுண்துளைகளில் அந்த உயிர்கள் குடியேறும். ஓர் இறாலைத் துணியில் கட்டிப் போட்டு அழுகவிட்டேன். அதுதான் அவற்றுக்குச் சாப்பாடு.

"என்னடி இது, கருவாட்டுக் கடையா?" என்றார் கணவர்.

"உங்க அக்காவுக்கு விருந்து."

சோதனைக் குழாயில் மருந்து விட்டால், விஷமுள்ள தண்ணீர் பச்சையாகும், நல்ல தண்ணீர் மஞ்சளாக இருக்கும். பச்சையைப் பார்க்கும்போதெல்லாம் நாத்தனாரின் வாய் ஞாபகம் வந்தது. மாதம் தாண்டித்தான் நிறம் மஞ்சளில் நின்றது. முதல் மீனைத் தொட்டியில் விட மகள் வரவில்லை. நானே விட்டேன். அது பிழைத்தது. ஒரு மீனின் கழிவுக்குத் தண்ணீர் பழகட்டும் என்று இன்னும் சில வாரம் பொறுத்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாத்தனாரைக் காபிக்குக் கூப்பிட்டேன்.

அவர் உட்கார்ந்ததும் இரண்டாவது மீன் இருந்த பையை எடுத்துவந்தேன்.

"ஐயையோ, மணி பாத்தியா? ராகு காலம்!"

"தெரியும் அண்ணி. பாத்துதான் கூப்பிட்டேன்."

மகளுக்கு முகம் வெளுத்தது. அவளிடமும் நான் சொல்லியிருக்கவில்லை. இந்த மீனும் செத்தால் அவள் இனி எதையும் தொடமாட்டாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"புள்ளையே பயப்படுது, பைய வச்சுடு. அதுக்கு மீனு ஆவாது" என்றார் நாத்தனார்.

மகள் எழுந்தாள். "அத்தை, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. வெளிச்சம் மறைக்குது."

என் கையிலிருந்த பையை வாங்கித் தொட்டியில் மிதக்கவிட்டாள். தொட்டித் தண்ணீரைக் கரண்டி கரண்டியாகப் பைக்குள் ஊற்றிப் பழக்கினாள். அவ்வளவு நேரமும் நாத்தனாரை எழவிடாமல் முறுக்கும் காபியுமாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் மகள் வலையால் மீனை அள்ளி உள்ளே விட்டாள்.

"நாளைக்குப் பாத்தாதான தெரியும்" என்றார் நாத்தனார்.

"தெனமும் போட்டோ அனுப்பறேன் அண்ணி."

அனுப்பினேன். தினமும் காலையில், சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்கும் குடும்ப வாட்ஸப் குரூப்பில், இரை தின்னும் மீன். நாத்தனார் பார்த்ததற்கு நீலக் குறி மட்டும் விழும்.

"போதும்மா, அத்தை பாவம்" என்றாள் மகள்.

"உனக்குப் போதும். எனக்குப் போதாது."

போன வாரம் நான் வேலையிலிருந்து திரும்பியபோது தொட்டியில் புதிதாக ஒரு சின்ன மஞ்சள் மீன். தண்ணீரைச் சோதித்ததும் மீனைப் பழக்கி விட்டதும் எல்லாம் அவளே. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. முழங்கைவரை ஈரமாக, சாய்ந்த செராமிக் துண்டு ஒன்றைத் தண்ணீருக்குள் நிமிர்த்திக்கொண்டிருந்தாள். அவள் கை நன்றாகத் தெரியும்படி படம் எடுத்து, அப்போதே குரூப்பில் போட்டேன்.