யன்னல் இருந்த சுவர்

எங்கடை வீட்டுக் குளியலறைக்கு யன்னல் இல்லை. கதவைச் சாத்தினால் பட்டப்பகலிலும் லைட் போட வேணும். எல்லா வீடும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

மாரி தொடங்கினால் சுவரில் பூஞ்சணம் வரும். முதலில் மூலையில் மிளகுத்தூள் தூவினது போல. பிறகு படரும். கார்த்திகை முடிய மேற்குச் சுவர் பாதி கறுத்துப்போகும். குளிக்கப் போனால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். கடல், தீவு, பனங்காடு எல்லாம் அதில் தெரியும். ஆர் வந்து கீறுகிறது என்று அதிசயமாக இருக்கும்.

தம்பிக்கு அது அதிசயம் இல்லை. அவனுக்குத் தொய்வு. ஒரு மாரியில் மூச்சு விட முடியாமல் இழுத்தது. வீட்டில் பூஞ்சணம் இருக்கோ என்று ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்டார். அம்மா தலையாட்டினார்.

"அதை முதல் இல்லாமல் செய்யுங்கோ. இப்பிடியே விட்டால் பிள்ளை தாங்காது."

அப்பா கட்டாரில் வேலை. அச்சுவேலியில் இருந்து மாமா வந்தார், அம்மாவின் தம்பி. கிணற்றுக்குப் போடும் குளோரினைக் கரைத்து ஊற்றி, தேங்காய்ப் பொச்சால் தேய்த்தார். சுவர் வெளுத்தது. மேலே சுண்ணாம்பும் அடித்தார். கிழமை திரும்ப முன்னம் சுண்ணாம்புக்கு மேலே மிளகுத்தூள்.

"இன்னும் கொஞ்சம் குளோரின் போடன்" என்றார் அம்மா.

"இதுக்கு மேலை போட்டால் நான்தான் வெளுப்பன். ஈரம் போக வழி இல்லை அக்கா." மாமா சுவரின் நடுவில் தட்டினார். "உதிலை யன்னல் இருந்ததுதானே. நாங்கள் அடைச்ச கல்லுத்தானே. உடைப்பம்."

"உது கிடக்கட்டும்."

"சென்றி போய் எத்தினை வருசம். இப்ப ஆர் அங்கை நிண்டு பாக்கிறது?"

அம்மா தம்பியைப் பார்க்க உள்ளே போய்விட்டார். சென்றி என்றால் ஆமி காவலுக்கு நிற்கிற இடம். எங்கடை வேலிக்கு அங்காலை இருந்ததாம். நான் கண்டதில்லை.

அன்று பின்னேரம் தம்பிக்குத் திரும்ப இழுத்தது. உதடு நீலம் பாரித்தது. மருந்து கொடுத்து அடங்கின பிறகு அம்மா எழும்பிப் போய், குழி தோண்டுகிற இரும்பு அலவாங்கை எடுத்தார்.

"தா அக்கா, நான் உடைக்கிறன்."

"விலத்தி நில்."

சத்தமாகக் கூடக் கதைக்காத மனுசி. ஓங்கி இடித்தார். சுண்ணாம்பு உதிர்ந்தது. திரும்ப இடித்தார். ஒரு கல் வெளியே விழுந்தது.

மழை விட்டிருந்தது. அந்த ஓட்டையால் வெய்யில் உள்ளே வந்தது. தூசியெல்லாம் பொன்னாகப் பறந்தது. வாளித் தண்ணீரில் பட்ட வெளிச்சம் மேலே கூரையில் நெளிந்தது. நான் வாயைத் திறந்தபடி நின்றேன். வெய்யில் எங்கடை வீட்டுக் குளியலறைக்கும் வரும் என்று எனக்குத் தெரியாது.

மாமா யன்னல் வைத்துக் கொடுத்தார். குளித்தால் சுவரைத் துணியால் துடைத்து, கதவைத் திறந்து விடுவோம். ஈரத் துவாயை உள்ளே போடுவதில்லை. பூஞ்சணம் பிறகு வரவில்லை. தம்பிக்கும் இழுப்புக் குறைந்தது.

ஆனால் அம்மா குளிக்கப் போகும்போது என்னை வெளியே யன்னலுக்குக் கீழே நிற்கச் சொல்லுவார்.

"ஆர் நிக்கினம் எண்டு பார்."

வேலிக்கு அங்காலை எருக்கலை முளைத்த வெறுங்காணி.

"மாடு நிக்குது."

"வேறை?"

"வேறை ஒருத்தரும் இல்லை."

அதற்குப் பிறகுதான் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கும். பாதியில் நின்றுவிடும். "இப்ப?" என்று கேட்பார். "மாடுதான் அம்மா" என்று நான் சிரிப்பேன்.

அம்மா என்னோடு விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன்.